வடக்கே ஒரு மருந்து, தெற்கே ஒரு மருந்து

அன்பு மகன் ஜமாலுக்கு, உன் வாப்பா சலாம் சொல்லி எழுதச் சொல்வது.

இந்தக் காகிதம் உன் கையில் இருக்கிறது என்றால், நீ பெட்டியைத் திறந்து, உன் உம்மா வைத்த லேகிய ஜாடியை வெளியே எடுத்துவிட்டாய் என்று அர்த்தம். ஜாடியின் வாயில் துணியைச் சுற்றிக் கயிற்றால் முடிச்சுப் போட்டது நான்தான். அந்தக் கயிற்றுக்கு அடியில்தான் இதைச் செருகி, ஓரம் வெளியே தெரியும்படி விட்டேன், நீ உருவிப் படிக்க வேண்டும் என்று. படித்து முடிக்கிறவரைக்கும் அந்த முடிச்சில் கை வைக்காதே. முடித்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன். எனக்கு எழுதத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் மாமா எழுதுகிறார். நான் எப்படிச் சொன்னாலும் அவர் அதைப் பத்திரிகைத் தமிழில்தான் போடுவார். ஆனால் எதையும் விடவில்லை, எதையும் கூட்டவில்லை. படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

உன் பெட்டியை நான் துழாவவில்லை தம்பி. உன் உம்மாதான் ஜாடியைக் கொண்டுவந்து, கப்பலில் உருண்டு உடையாதபடி துணிகளுக்கு நடுவில் வைக்கச் சொன்னாள். நீ ஊருக்கு வந்ததிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை என்று அவள் கவனித்திருக்கிறாள். அதற்காகத் திருப்பாதிரிப்புலியூருக்கு ஆள் அனுப்பி வாங்கின லேகியம் அது. இடம் பண்ணுவதற்காக உன் கைலிகளை எடுத்தபோது, ஒரு கைலிச் சுருட்டுக்குள் சின்னதாக ஒரு குழாய் தட்டுப்பட்டது. உள்ளே மாத்திரை. சின்னது, உருண்டை, செங்காவி நிறம், மேலே சர்க்கரைப் பூச்சு. குழாயின் மேல் எழுதியிருந்ததை என்னால் படிக்க முடியாது. படிக்கத் தேவையும் இல்லை. அந்த மாத்திரையை ஒரு வருஷத்துக்கு மேல் தின்றவன் நான். குழாயைப் பார்ப்பதற்கு முன்பே உன்மேல் எனக்குச் சந்தேகம்தான். பேச ஆரம்பிக்கும் முன் நாக்கால் உதட்டை ஈரம் பண்ணிக்கொள்கிறாய், வாயில் எப்போதும் ஓர் ஏலக்காயை அடக்கிக்கொள்கிறாய், உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்போது சுவரைப் பிடிக்கிறாய். இதெல்லாம் என் பழக்கங்கள். உனக்கு எப்படி வந்தது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நேரில் கேட்டிருக்கலாம். நீ உன் வாயால் சொல்லாத ஒன்றை நான் எடுத்து எல்லார் நடுவிலும் போடக்கூடாது என்று விட்டுவிட்டேன். நீ புறப்படுகிற வீட்டில் எந்த நேரமும் யாராவது வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கிறார்கள். உன் உம்மாவிடமும் நான் சொல்லவில்லை. உனக்கு ஏன் இது வந்தது என்றும் கேட்கமாட்டேன். எனக்கு வந்தபோது ஊரே என்னிடம் காரணம் கேட்டது. என்னிடம் காரணம் இல்லை. இருந்தால் கொடுத்திருப்பேன்.

அப்போது நீ பினாங்கில் இருந்தாய். சீனாவோடு சண்டை வந்ததே, அதற்கு முந்தின நோன்புக் காலம். உனக்கு எழுதின கடிதத்தில் எல்லாம் சுகம் என்றுதான் போட்டோம், அதனால் உனக்கு இது தெரியாது. அந்த நோன்புக்குச் சில மாசம் முன்பு கிள்ளையில் ஒரு கல்யாணம். சமையலுக்கு நான்தான் பண்டாரி, என் கீழே எட்டு அடுப்பு. பிரியாணியைத் தம்மில் போட்டுவிட்டு நிற்கிறேன். எத்தனையோ வருஷமாக மூடியிலிருந்து கசியும் வாசனையை வைத்தே சோறு எந்தப் பதத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறவன். அன்றைக்கு வாசனை மூக்குக்கு வருகிறது, மனசுக்கு வரவில்லை. சோறு வெந்தால் என்ன, குழைந்தால் என்ன என்று தோன்றியது. சோறு நன்றாகத்தான் வந்தது, கை தன் பாட்டுக்குச் செய்துவிட்டது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவன் அதற்குப் பிறகு வேலை ஒப்புக்கொள்ளவில்லை. யார் வந்து கூப்பிட்டாலும் உடம்பு சரியில்லை என்றேன். தூக்கம் போய்விட்டது. வந்தாலும் விடியற்காலைச் சுபுஹு பாங்குக்கு வெகு நேரம் முன்பே விழிப்பு வந்துவிடும். நெஞ்சில் யாரோ உரலைத் தூக்கி வைத்தது மாதிரி இருக்கும். ஜின் பிடித்திருக்கிறது என்றார்கள், கண்ணேறு என்றார்கள். தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், கையில் கயிறு கட்டினார்கள். எதற்கும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்பில் கொண்டுவருகிறார்கள், வாங்கிக்கொண்டேன்.

அப்படித்தான் லேகியமும் வந்தது. கல்யாணத்துக்குப் பட்டை, ஜாதிபத்திரி வாங்க நான் எப்போதும் திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெருவுக்குப் போகிறவன். அங்கே ஒரு ஹக்கீம் வைத்தியர் இருந்தார், இப்போது அவர் மகன் நடத்துகிறார். உன் உம்மா சொல்லி அவரிடம் போனேன். நாடி பிடித்துப் பார்த்தார், கறுப்பாக, இனிப்பாக ஒரு லேகியம் கொடுத்தார். ராத்திரி இஷாத் தொழுகைக்குப் பிறகு, நெல்லிக்காய் அளவு, சூடான பாலில். குற்றம் சொல்லக்கூடாது, தூக்கம் வந்தது. ஆனால் காலையில் எழுந்தால் நனைந்த சாக்கு மாதிரி இருப்பேன். தூங்கினேனே தவிர மனசின் பாரம் அப்படியே இருந்தது.

அதைப் பார்த்துவிட்டு உன் மாமாதான் என்னைச் சிதம்பரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். வடக்கே போகிற ரயில் ஹக்கீமிடம் போகும், தெற்கே போகிற ரயில் டாக்டரிடம் போகும், நம்ம ஸ்டேஷன் நடுவில். அந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். யாரும் என்னிடம் கேட்காத கேள்வியாகக் கேட்டார். கறிச்சோற்றில் ருசி தெரிகிறதா, காலையில் கஷ்டமா சாயங்காலம் கஷ்டமா, உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா. கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. உன் மாமா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, இது ஒரு வியாதி, பேய் பிசாசு இல்லை, இதற்கு மாத்திரை இருக்கிறது என்றார். இன்றைக்குத் தின்று நாளைக்குக் கேட்கிற மாத்திரை இல்லை, சில வாரம் பொறுக்க வேண்டும் என்றார். வாய் உலரும், பட்டென்று எழுந்தால் தலை சுற்றும், பயப்பட வேண்டாம், மெதுவாக எழுந்திருங்கள் என்றார். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் டீயோடு ஒன்று. எல்லாம் சொல்லிவிட்டு, “வேற ஏதாவது மருந்து சாப்புடுறீங்களா பாய்?” என்று கேட்டார்.

“இல்லீங்க” என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை தம்பி. மருந்து என்றால் எனக்குக் கசக்கிறது, ஊசி போடுகிறது, சீசாவில் சிவப்பாக வருகிறது. லேகியம் என் கணக்கில் சாப்பாட்டோடு சேர்ந்தது. பாலில் கரைக்கிறோம், இனிக்கிறது, அடுப்படியில் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை மருந்து என்று யார் சொல்வார்? அதே மாதிரி அடுத்த தடவை ஹக்கீமிடம் போனபோது மாத்திரையைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை. அவரிடம் உட்கார்ந்துகொண்டு இங்கிலீஷ் வைத்தியத்தைப் பற்றிப் பேசுவது மரியாதை இல்லை என்று நினைத்தேன். இரண்டு வைத்தியரும் என்னை நன்றாகத்தான் கேட்டார்கள், நன்றாகத்தான் கொடுத்தார்கள். ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாது. இரண்டும் சந்தித்துக்கொண்ட ஒரே இடம் என் வயிறு.

அப்படியும் கொஞ்ச நாள் ஒன்றும் ஆகவில்லை. சாயங்கால மாத்திரைக்கும் ராத்திரி லேகியத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருந்தது, உடம்பு சமாளித்துக்கொண்டது. அப்புறம் நோன்பு பிறை தெரிந்தது. இங்கேதான் நீ கவனமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் நீ பினாங்கில் இறங்கிக் கொஞ்ச நாளில் உனக்கும் பிறை தெரியும். நோன்பு வைத்தால் பகலில் மாத்திரை போட முடியாது. நான் என்ன செய்தேன், மாத்திரையை ராத்திரிப் பக்கம் தள்ளினேன். விடியும் முன் சஹர் சோற்றோடு ஒன்று, சாயங்காலம் நோன்பு திறந்து கஞ்சி குடித்ததும் இரண்டு. சஹருக்கு எழ வேண்டுமே, ராத்திரித் தராவீஹ் தொழுகை முடிந்ததும் உடனே தூங்கிவிட வேண்டுமே என்று லேகியத்தையும் முன்னால் இழுத்து, கஞ்சிக்குப் பின்னாலேயே தின்றேன். யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. நோன்பு வந்தால் நம்ம வீட்டில் சோற்று நேரம் மாறுகிறது, தூங்கும் நேரம் மாறுகிறது, கடை திறக்கும் நேரம் மாறுகிறது, மாத்திரை மட்டும் என்ன என்று நினைத்தேன். நம்மவர்களில் நோன்பு நாளில் இப்படிச் செய்யாத நோயாளி குறைவு. யாரும் அதை வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி அந்த வருஷமும் என் பொறுப்பு. கல்யாண வேலையை விட்டாலும் கஞ்சியை விட மனசு வரவில்லை. மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அண்டாவுக்கு அடியில் தீ மூட்டினால் சாயங்காலம் அசர் வரைக்கும் நின்று கிண்ட வேண்டும். மாத்திரையால் ஏற்கெனவே வாய் உலர்ந்து கிடக்கும், அதோடு நோன்பு, அதோடு தீ. நாக்கு சணல் மாதிரி இருக்கும். இவ்வளவு தாகத்தைப் பொறுக்கிறேனே, அல்லாவிடம் கூலி பெரிதாக இருக்கும் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. தொழுகையில் குனிந்து நிமிரும்போது பள்ளிவாசல் தூண் சாய்கிற மாதிரி தெரியும். நோன்பு அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

நோன்பின் முதல் பத்து நாள் முடிவதற்குள் ஒரு நாள், தராவீஹில் நிற்கிறோம். உன் மாமா என் வலது பக்கம். தோளோடு தோள் சேர்த்துத்தான் நிற்போம். ஒரு சஜ்தாவுக்குக் குனிந்து நெற்றியைப் பாயில் வைத்தது எனக்கு நினைவு இருக்கிறது. பாய் குளுகுளுவென்று இருந்தது. அடுத்து நினைவு இருப்பது முகத்தில் தண்ணீர். நடுவில் நடந்ததை உன் மாமா சொல்லித்தான் தெரியும். இமாம் தக்பீர் சொல்ல வரிசை எழுந்துவிட்டது. நான் எழவில்லை. அடுத்த ரக்அத்தும் ஓடுகிறது, நான் நெற்றியை வைத்தபடியே இருக்கிறேன். அந்தத் தொழுகையை முடித்துச் சலாம் கொடுத்த இடைவெளியில் பின்வரிசையில் ஒரு பெரியவர் மற்றவர்களிடம் சொன்னாராம்: “பண்டாரி இப்பதான் அல்லாகிட்ட மனசு விட்டுப் பேசறாரு. யாரும் தொந்தரவு பண்ணாதீங்கப்பா.”

எல்லாரும் விட்டுவிட்டார்கள். அடுத்த தொழுகைக்குத் தக்பீர் கட்டியாகிவிட்டது. உன் மாமாவும் கட்டிவிட்டார். ஆனால் பார்வை கீழே என் காலுக்குப் போயிருக்கிறது. சஜ்தாவில் கால்விரல் மடங்கித் தரையில் ஊன்றி நிற்க வேண்டும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் விரல்கள் ஊன்றவில்லை. பாதம் இரண்டும் துவண்டு பின்னால் கிடந்தன. உன் மாமா கட்டிய கையை அவிழ்த்துத் தொழுகையை முறித்துவிட்டார். பக்கத்தில் ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்தாராம். “மச்சான் காலு சரியில்ல, உடுங்க” என்று சொல்லி என்னைப் புரட்டிப் போட்டிருக்கிறார். மூச்சு மெதுவாக இருந்ததாம், முகம் வெளுத்து, கை ஜில்லென்று. கை கால் கழுவுகிற ஹவுல் தொட்டிக்குப் பக்கத்தில் தூக்கிக்கொண்டுபோய்க் காலை உயர்த்திப் பிடித்துத் தண்ணீர் தெளித்துத்தான் கண்ணைத் திறந்தேனாம். அப்போதும் பேச்சு குழறியதாம். ஊரில் பாதிப் பேர் இன்றைக்கும் அது பக்தி என்றுதான் சொல்கிறார்கள். நான் மறுப்பதில்லை. உன் மாமா மட்டும், “ஒங்களுக்காகத் தொழுகைய முறிச்சவன் நானு, அதுக்கு வாராவாரம் பிரியாணி போடுங்க” என்பார். இதை எழுதும்போதும் சிரிக்கிறார்.

மறுநாள் வீட்டில் தீர்ப்பு ஆகிவிட்டது. குற்றவாளி இங்கிலீஷ் மாத்திரை. உன் உம்மா அதைக் கொல்லைக் குப்பையில் கொட்டிவிட்டாள். அவளைச் சொல்லி என்ன, லேகியம் பல காலமாக ஊரில் எல்லாரும் தின்கிறது, மாத்திரைதான் புதுசு. திடீரென்று நிறுத்தியதும் என்ன ஆயிற்று தெரியுமா? ஓரிரு நாளில் குமட்டல், வியர்வை, கை நடுக்கம். நிறையத் தின்றும் லேகியம் தூக்கத்தைக் கொடுக்கவில்லை. நெஞ்சில் உரல் இரண்டு மடங்காக வந்து உட்கார்ந்தது. டாக்டர் கேட்டு நான் பதில் சொல்லாத அந்தக் கேள்வி திரும்பி வந்தது. கொல்லைக் கிணற்றடிக்குப் போக எனக்கே பயமாக இருந்தது. அதை உன் மாமாவிடம் மட்டும் சொன்னேன். உடனே அவர் லேகிய டப்பாவை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு தெற்கு ரயிலில் ஏறினார்.

டாக்டர் மேஜையில் டப்பாவை வைத்தோம். அவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். “நான் கேட்டேனே பாய், ஏன் சொல்லல?” என்றார். “மருந்துன்னு கேட்டீங்க. இது பால்ல கரைச்சிக் குடிக்கறதுங்க” என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் டப்பாவை மூடி வைத்துவிட்டு, தப்பு தன் கேள்வியிலும் இருக்கிறது என்றார். அதற்கப்புறம் உன் மாமா வேறு ஆட்களை அழைத்துக்கொண்டு போனபோதெல்லாம், “ராத்திரி பால்ல என்ன கலந்து குடிக்கறீங்க?” என்றுதான் டாக்டர் கேட்டாராம். எனக்கு அவர் விளக்கினது இதுதான். அந்த மாத்திரையே கொஞ்சம் தூக்கத்தைக் கொடுக்கும், ரத்த ஓட்டத்தின் அழுத்தத்தைக் குறைக்கும். லேகியமும் தூக்கத்தைக் கொடுக்கும். தனித்தனியே தாங்குகிற உடம்பு இரண்டும் ஒன்றாக வந்தால் தாங்காது. அதிலும் மாத்திரையை நேரம் மாற்றி இரண்டாகச் சேர்த்துப் போட்டு, பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருந்துவிட்டு. அவர் சொல்லி முடித்ததும் உன் மாமா என்னிடம் திரும்பி, “ஒரே பானைக்கு ரெண்டு பண்டாரி உப்பு போட்ட மாதிரி மச்சான்” என்றார். எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. நிறுத்தினதும் தப்பு என்றார் டாக்டர். இந்த மாத்திரையைக் குறைக்க வேண்டுமானால் படிப்படியாக, அவர் சொல்லித்தான் குறைக்க வேண்டுமாம். லேகியத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அறியாத பொருளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லவும் மாட்டேன், நல்லது கெட்டது சொல்லவும் மாட்டேன், கேட்டு வாருங்கள் என்றார்.

வடக்கு ரயிலில் ஏறினோம். ஹக்கீம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மனசு வருந்தினார். நான் சும்மா இருக்காமல், “நாடி புடிச்சிப் பாத்தீங்களே, தெரியலீங்களா?” என்று கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: “நாடியில மாத்திர பேரா எழுதியிருக்கும் பாய்? நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா நா குடுத்தே இருக்கமாட்டேனே.” ஜாதிக்காய், அமுக்கரா, கசகசா, அதோடு கசகசாக் காயின் தோலும் கொஞ்சம் உண்டு என்றார். அந்தத் தோல்தான் ஆளைச் சாய்க்கிறது என்று அவரே சொன்னார். மாத்திரை ஓடுகிறவரைக்கும் இதைத் தொடாதீர்கள் என்று டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லாத இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்.

மிச்ச நோன்பை வைக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னது எனக்குப் பெரிய இடியாக இருந்தது. கஞ்சி காய்ச்சுகிறவன் நோன்பில்லாமல் நிற்பதா? பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் போய் மெதுவாகக் கேட்டேன். அவர், “நோயாளிக்கு அல்லாவே லீவு குடுத்திருக்கான், நீங்க என்ன வேணாங்கறீங்க?” என்றார். குணமானதும் திருப்பி வைக்கலாம், முடியாவிட்டால் ஏழைக்கு உணவு கொடுக்கலாம் என்றார். நோன்பை விட்டேன், கஞ்சியை விடவில்லை. யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்தேன். நோன்பு வைத்திருக்கிற வருஷங்களில் நான் கஞ்சியை நாக்கில் வைக்கமாட்டேன், கை அளவில்தான் உப்பு. அதனால் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும், ஊர் பழகிக்கொண்டது. அந்த வருஷம் ருசி பார்த்துப் போட்டேன். ஒரு நாள் பாத்திரத்தோடு வந்த, பாங்கு சொல்கிற மோதினார் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, “உப்பு தெனம் சரியா இருக்கு பண்டாரி, ஒடம்ப பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஊரில் யாரும் கேட்கவில்லை. அதற்குள் எனக்குக் கஞ்சியின் ருசி தெரிய ஆரம்பித்திருந்தது. இஞ்சியும் வெந்தயமும் தனித்தனியாக. முதலில் திரும்பி வந்தது அந்த ருசிதான், தூக்கம் அதற்குப் பின்னால் தன்னால் வந்தது. உரல் ஒரே நாளில் இறங்கவில்லை. எந்த நாள் இறங்கியது என்றும் தெரியாது. அடுத்த வருஷம் மாம்பழக் காலம் வரைக்கும் மாத்திரை தின்றேன், டாக்டர் குறைத்துக் குறைத்து நிறுத்தினார். விட்ட நோன்பை எல்லாம் பிறகு வைத்து முடித்தேன்.

இனி உன் விஷயம். மாத்திரையை எந்த டாக்டர் கொடுத்தாரோ அவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் தின்று வா. கொஞ்சம் தெம்பு வந்ததும் போதும் என்று நீயாக நிறுத்தாதே. தூக்கம் வரவில்லை என்றால் அதையும் அவர்களிடமே சொல். மாத்திரையின் நேரத்தை மாற்றியே சரி பண்ணுவார்கள், சில பேருக்கு அதுவே போதும். பினாங்கில் சீனர் மருந்துக்கடையில் தூக்கத்துக்கு வேரும் பொடியும் விற்பார்கள் என்று நீயே முன்பு சொல்லியிருக்கிறாய். அறையில் கூட இருக்கிறவன் நல்ல மனசோடு தன்னுடைய தூக்க மாத்திரையைக் கொடுப்பான். இருமல் மருந்தில்கூடத் தூக்கம் கொடுக்கிறது உண்டாம். செடியில் விளைந்தது, கெடுதல் பண்ணாது என்று யாராவது சொன்னால் என் கால்விரலை நினைத்துக்கொள். வாய்க்குள் போகிற எதையும், அது இனிப்பாக இருந்தாலும், பாலில் கரைந்தாலும், உன் உம்மா அனுப்பியதாக இருந்தாலும், அங்கே ஆஸ்பத்திரியில் மேஜையில் வைத்துக் காட்டிவிட்டுத் தின்னு. உம்மாவின் ஜாடியைத் தூக்கி எறிய வேண்டாம். டாக்டர் வேண்டாம் என்றால் அப்படியே இருக்கட்டும், ஒருநாள் திருப்பிக் கொண்டுவா. அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன். பிறை தெரிவதற்கு முன்பே டாக்டரிடம் போய், நான் நோன்பு வைக்கிறவன், இந்த மாத்திரையை என்ன செய்வது என்று கேள். வைக்கலாம் என்றால் எந்த நேரம் என்று சொல்வார், வேண்டாம் என்றால் விட்டுவிடு. ஆலிம்சா சொன்ன லீவு பினாங்குக்கும் சேர்த்துத்தான். மனசு மிகவும் கீழே இறங்கி, எனக்குக் கிணற்றடி பயம் வந்த மாதிரி ஏதாவது வந்தால், அன்றைக்கே, அந்த நேரமே ஒருவரைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் நான் உன் மாமாவைக் கொண்டு இதை எழுத வைத்திருக்கமாட்டேன்.

எனக்குக் கவலை மாத்திரையைப் பற்றி இல்லை தம்பி. நீ அதைக் கைலிக்குள் சுருட்டி வைத்திருந்ததைப் பற்றித்தான். எனக்கு வலது பக்கம் உன் மாமா நின்றார், எனக்கு என்ன வியாதி, நான் என்ன தின்கிறேன் என்று அவருக்குத் தெரியும், அதனால் என் காலைப் பார்த்தார். தெரியாதவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான், நான் அல்லாவிடம் துஆ கேட்கிறேன் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். பினாங்கில் உன் பக்கத்தில் யார் நிற்கப்போகிறார் என்று எனக்குத் தெரியாது.

முடிச்சைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன் என்றேனே. அது தம் போட்ட அண்டாவின் மூடிக்கு நான் போடுகிற முடிச்சு, சின்னக் கயிற்றில் போட்டிருக்கிறேன். ஒரு ஆளால் அவிழாது. ஒருவர் ஜாடியை அமுக்கிப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் கயிற்றை நெம்ப வேண்டும். கத்தியால் அறுத்துவிடாதே, கயிறு எனக்கு வேண்டும். கூடத் தங்கியிருக்கிறவர்களில் நம்பிக்கையான ஒருவரைக் கூப்பிடு. ஜாடியைப் பிடித்துக்கொண்டே அவர் கேட்பார், இது என்ன, எதற்கு, உனக்கு என்ன என்று.

அப்போது சொல்லிவிடு.